லவாய்சியரும் இரசாயனப் பெயர்களும்

பெயர்களை இடுகுறியென்றும் காரணமென்றும் இருவகையாகப் பகுத்தனர் நம் இலக்கண நூலார். காரணம் ஒன்றும் கருதாது முன்னோர் இட்டு வழங்கியது இடுகுறிப்பெயர். பொருளின் இயல்பு பற்றி வந்தது காரணப்பெயர். மரம், மண் என்பன முன்னையதற்கும், பறவை, நாற்காலி என்பன பின்னையதற்கும் எடுத்துக்காட்டுகளாகத் தமிழ் வகுப்பில் நாம் கேட்டவையே. இரசாயன வகுப்பிற்குட் புதிதாகப் புகும் மாணவரோ, சோடியம் சல்பேட், பொட்டாசியம் நைட்ரேட் என்றின்னோரன்ன பெயர்களைக் கேட்டு, இவையெல்லாம் எவரோ மனம்போனவாறு இட்ட இடுகுறிகள் போலும் என மலைக்கின்றனர். உண்மை அதற்கு நேர்மாறானது. அவை யாவும் காரணப்பெயர்கள். பகுதியும் விகுதியுமாகப் பிரிக்கத்தக்க பகுபதங்கள். அங்ஙனம் அவற்றை அமைத்துத் தந்த நால்வருள் தலையாயவர் அந்துவான் லோரான் லவாய்சியர் என்னும் பிரெஞ்சு அறிஞர். அவருடைய வாழ்க்கை வரலாற்றை, அவர் இட்ட பெயர்களின் வரலாற்றோடு சேர்த்து, ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

லவாய்சியர் 1743-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 26-ஆம் நாள் பாரிஸ் மாநகரிற் பிறந்தார். தந்தையார் செல்வமும் செல்வாக்கும் வாய்ந்த வழக்கறிஞர். ஐந்து வயதிலேயே அன்னையை இழந்த குழந்தையை, அன்னையின் உடன்பிறந்த மாதரசியார் ஒருவர் தம் மகவேபோற் பேணி வளர்த்தனர். மாஸரின் கல்லூரியிற் கல்வி கற்றபின், குடும்ப வழக்கத்தை ஒட்டிச் சட்டம் பயின்று, 1764-இற் பட்டமும் பெற்றார். ஆயினும் அவர் உள்ளம் நீதிமன்றத்தை நாடவில்லை. ரூவேல் என்னும் ஆசிரியர் நிகழ்த்திவந்த இரசாயனச் சொற்பொழிவுகளே அவரைத் தம்பால் ஈர்த்தன. பாரிஸ் நகரத் தெருக்களில் இரவில் விளக்கேற்றுதற்குச் சிறந்த வகை யாது என்பது பற்றி அவர் எழுதிய கட்டுரைக்கு 1766-இல் அரசர் பொற்பதக்கம் வழங்கினார். 1768-இல், இருபத்தைந்தாண்டு நிரம்புமுன்னரே, பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

அவ்வாண்டிலேயே அவர் மற்றொரு காரியமும் செய்தார். அரசாங்கத்திற்கு முன்பணம் கட்டி, உப்பு, புகையிலை முதலியவற்றின்மீது வரி தண்டும் உரிமையைக் குத்தகையாகப் பெற்ற கூட்டத்தார் சிலர் அந்நாளில் பிரான்சில் இருந்தனர். அவர்தம் குத்தகையில் ஒரு பங்கினை லவாய்சியர் விலைகொடுத்து வாங்கினார். அதனால் வந்த வருவாயின் பெரும்பகுதி அவர்தம் ஆராய்ச்சிக்குப் பயன்பட்டது உண்மையே. ஆயினும், ஏழையின் உப்பிற்கும் வரி வாங்கிய அக்குத்தகையாளரைப் பொதுமக்கள் மனமார வெறுத்தனர் என்பதும் உண்மையே. வரி தண்டுதற்கு வசதியாகப் பாரிஸ் நகரைச் சுற்றி அவர்கள் பின்னர் எழுப்பிய மதில், அவ்வெறுப்பைப் பன்மடங்கு பெருக்கியது. அறிவுக்கு ஊதியமாக அவர் கொண்ட அப்பங்கே பின்னாளில் அவர் உயிருக்கு உலையாக முடிந்தது.

1771-இற் குத்தகையாளருள் ஒருவராகிய போல்ஸ் என்பாரின் மகளார் மேரி ஆனை மணந்தார். மணமகளுக்கு அப்போது வயது 13. அவ்விளம்பெண் கணவருக்கு இல்லத்துணையாக மட்டும் அமைந்தாரல்லர். ஆராய்ச்சித் துணையாகவும் விளங்கினார். லவாய்சியருக்கு ஆங்கிலப் பயிற்சி இல்லாமையால், அம்மையார் அம்மொழியைக் கற்று, ஆங்கில நூல்களை அவருக்குப் பெயர்த்துரைத்தார். ஓவியம் பயின்று, ஆய்வுக்கருவிகளின் படங்களைத் தம் கையாலேயே வரைந்தார். சோதனைகள் நிகழுங்கால் குறிப்பெழுதியவரும் அவரே. 1775-இல் அரசாங்க வெடிமருந்துச் சாலைகளை நடத்தும் குழுவில் லவாய்சியர் அமர்த்தப்பெற்றார். அதுமுதற்கொண்டு பாரிஸ் ஆயுதசாலையிலேயே அவர்கள் இல்லமும் ஆய்வுக்கூடமும் அமைந்தன. அலுவல்களுக்கு நடுவே காலையும் மாலையும் சில மணி நேரத்தையும், வாரத்தில் ஒருநாள் முழுவதையும் அவர் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கிவைத்தார்.

லவாய்சியரின் பெருங்கருவி யாது என வினவின், தராசு என்றே விடை கூறவேண்டும். நீரை நெடுநாட் கொதிக்கவைத்தால் அதில் ஒரு பகுதி மண்ணாக மாறும் என்பது அக்காலத்தார் பலரின் நம்பிக்கை. கொதித்த பாத்திரத்தின் அடியில் மண்போன்ற பொருள் தங்குவதை அவர்கள் சான்றாகக் காட்டினர். லவாய்சியர் மூடிய கண்ணாடிக் கலமொன்றில் நீரை இட்டு 101 நாள் இடைவிடாது காய்ச்சினார். பின்னர் யாவற்றையும் நிறுத்தபோது, நீரின் எடை குறையவில்லை. கலத்தின் எடையே குறைந்திருந்தது. அக்குறைவு அடியில் தங்கிய பொருளின் எடையோடு ஏறக்குறைய ஒத்திருந்தது. மண் வந்தது நீரிலிருந்தன்று, கரைந்த கண்ணாடியிலிருந்தே என்பது இவ்வாறு விளங்கிற்று. கண் கண்டதையும் தராசுகொண்டு சரிபார்க்கும் இவ்வழக்கமே அவர் பிற்காலப் புகழுக்கெல்லாம் வித்தாயிற்று.

அக்காலத்து இரசாயன நூலாரை ஆண்டுகொண்டிருந்தது ஃபிளாஜிஸ்டன் என்னும் கொள்கை. எரியும் பொருள்கள் யாவற்றுள்ளும் அப்பெயருடைய எரிபொருட்டத்துவம் ஒன்று உறைகின்றதென்றும், எரியும்போது அது வெளியேறுகின்றதென்றும் அவர்கள் கொண்டனர். அவ்வாறாயின், எரிந்த பொருள் எடை குறையவேண்டுமன்றோ? உலோகத்தைக் காய்ச்சிப் பஸ்பமாக்கினால் எடை கூடுகின்றதே, அஃது எங்ஙனம்? 1772-இல் கந்தகமும் பாஸ்பரமும் எரியும்போது எடை மிகுவதை லவாய்சியர் கண்டு, அதனை ஒரு குறிப்பில் எழுதி முத்திரையிட்டுக் கழகத்தில் ஒப்புவித்தார். காற்றிலிருந்து ஏதோ ஒன்று எரியும் பொருளோடு கூடுகின்றது என்பது அவர் துணிபு. அது யாது என்பதுதான் தெரியவில்லை.

அதனை அறியும் வழி இங்கிலாந்திலிருந்து வந்தது. 1774-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் ஆங்கில அறிஞர், பாதரசத்தின் செந்நிறப் பஸ்பத்தைச் சூடாக்கி, மெழுகுதிரியைப் பேரொளியோடு எரியச்செய்யும் ஒரு வாயுவைப் பெற்றார். சுவீடன் தேசத்து ஷீலேயும் அதனைத் தனியே கண்டிருந்தார். அவ்வாண்டு அக்டோபரிற் பாரிசுக்கு வந்த பிரீஸ்ட்லி, லவாய்சியரின் விருந்தில் இச்செய்தியை மறையாது கூறினார். அவ்வுதவியை லவாய்சியர் தம் நூல்களிற் போதிய அளவு பாராட்டவில்லை என்னும் குறை இன்றளவும் அவர் புகழிற் படிந்த மறுவாகவே உள்ளது. எனினும், கண்ட பொருளின் உண்மையை அறிந்தவர் அவரே. பிரீஸ்ட்லி அதனை ஃபிளாஜிஸ்டன் நீங்கிய காற்று என்று அழைத்துப் பழைய கொள்கையையே பற்றிநின்றார்.

லவாய்சியர் நான்கு அவுன்ஸ் பாதரசத்தை 50 கன அங்குலக் காற்றோடு சேர்த்துப் பன்னிரண்டு நாள் சூடாக்கினார். காற்று ஏறக்குறைய 42 கன அங்குலமாகக் குறைந்தது. எஞ்சியதில் விளக்கும் எரியவில்லை, உயிரும் தரிக்கவில்லை. இரசத்தின்மீது செந்நிறப் பஸ்பம் 45 கிரெயின் படிந்தது. அதனைத் தனியே எடுத்து மிகச் சூடாக்கவே, காற்றிழந்த அளவாகிய 7 அல்லது 8 கன அங்குல வாயு மீண்டும் வெளிவந்தது. அதனை முன்னர் எஞ்சிய காற்றோடு கலந்தபோது பண்டைக் காற்றே கிடைத்தது. பிரித்தும் கூட்டியும் இங்ஙனம் காட்டிய பின்னர் ஐயத்திற்கு இடமேது?

இனி, அவ்வாயுவிற்குப் பெயரிட வேண்டும். கந்தகமும் பாஸ்பரமும் கரியும் அதிற் கூடி எரிந்தபின் நீரோடு சேர்ந்து புளிப்புடைய அமிலங்களாகின்றன. ஆதலின், எல்லா அமிலங்களுக்கும் இதுவே தாய் என லவாய்சியர் துணிந்தார். கிரேக்க மொழியில் புளிப்பு, கூர்மை என்னும் பொருளுடைய ஒரு சொல்லையும், பிறப்பிப்பது என்னும் பொருளுடைய ஒரு சொல்லையும் சேர்த்து, ஆக்ஸிஜன், அதாவது அமிலம் பிறப்பிப்பது, என்னும் காரணப்பெயரை அமைத்தார். அங்ஙனமே, இங்கிலாந்தில் காவெண்டிஷ் செய்த சோதனைகளைத் தொடர்ந்து, 1783-இல் லாப்லாஸ் என்னும் கணித அறிஞரோடு கூடி, நீர் தனிப்பொருளன்று, இருவாயுக்களின் சேர்க்கையே என்று நாட்டினார். அவற்றுள் எரியும் இயல்புடைய வாயு, நீரைப் பிறப்பிப்பது என்னும் பொருள்பட, ஹைட்ரஜன் எனப் பெயர் பெற்றது. அவ்விருவருமே சிறு பிராணியொன்றைப் பனிக்கட்டி சூழ்ந்த கருவியுள் வைத்து, அதன் உடற்சூட்டினால் உருகிய நீரை அளந்து, உயிர்ப்பு என்பது மெல்லென எரியும் ஒருவகை எரிதலே என்றும் விளக்கினர்.

இவ்வளவில் கொள்கை புதிதாயிற்று. மொழியோ பழையதாகவே இருந்தது. அந்நாளில் இரசாயனப் பொருள்களின் பெயர்கள் எத்தகையன என்று சிறிது நோக்குவோம். கந்தகத் திராவகத்திற்கு விட்ரியல் தைலம் என்று பெயர். விட்ரியல் என்பது கண்ணாடியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தது. பளிங்குபோல் தோன்றும் மயில்துத்தம், அன்னபேதி முதலியவற்றிற்கு அப்பெயர் வழங்கியது. ஆண்டிமனி என்னும் பொருளின் சேர்க்கை ஒன்றிற்கு ஆண்டிமனி வெண்ணெய் என்றும், துத்தநாகப் பஸ்பத்திற்குத் துத்தநாகப் புஷ்பம் என்றும் பெயர். சில உப்புக்கள் கண்டவர் பெயராலும் கிடைத்த ஊரின் பெயராலும் வழங்கின. கிளாபர் உப்பும் எப்ஸம் உப்பும் இத்தகையன. ஒரே பொருளுக்கு ஊர்தோறும் வெவ்வேறு பெயர். ஒரே பெயருக்கு வெவ்வேறு பொருள். கையிற் பட்டாற் புண்ணாக்கும் கொடிய பொருள்களை வெண்ணெயென்றும் தைலமென்றும் அழைப்பது எத்துணை ஏமாற்றம்! அப்பெயர்களைக் கற்கும் மாணவன் நினைவாற்றலை இழப்பதோடன்றிப் பிழையான எண்ணங்களையும் பெறுகின்றான் என்பதே லவாய்சியரின் மனக்குறை.

இக்குறையை நீக்க முதலில் முயன்றவர் டிஜான் நகரத்து கித்தோன் த மோர்வோ என்பார். அவரும் ஒரு வழக்கறிஞரே. 1782-இல் அவர் ஒரு திட்டத்தை வெளியிட்டார். பின்னர் லவாய்சியர், பெர்த்தொல்லே, ஃபூர்குருவா ஆகிய மூவரும் அவரோடு கூடினர். நால்வரும் கலந்தாராய்ந்து, இரசாயனப் பெயரிடு முறை என்னும் நூலை 1787-இல் வெளியிட்டனர். அதன் கருத்தை நம் இலக்கண மொழியிலேயே எளிதிற் கூறிவிடலாம். மேலும் பிரிக்கவியலாத மூலகத்தின் பெயர் பகாப்பதம். கூட்டுப்பொருளின் பெயர் பகுபதம். கூட்டுப்பொருளில் எவ்வெம்மூலகங்கள் உள்ளனவோ அவற்றின் பெயர்களே அதன் பெயரிலும் விளங்கவேண்டும்; எவ்வளவிற் சேர்ந்துள்ளன என்பதை விகுதி உணர்த்தவேண்டும்.

காட்டாக, சல்பர் எனப்படும் கந்தகத்தைப் பகுதியாகக் கொள்வோம். ஆக்ஸிஜன் மிகுதியாகக் கூடிய அமிலம் இக் என்னும் விகுதி பெற்றுச் சல்பூரிக் அமிலம் ஆகும். குறைவாகக் கூடியது அஸ் என்னும் விகுதி பெற்றுச் சல்பூரஸ் அமிலம் ஆகும். முன்னைய அமிலத்தால் உண்டாகும் உப்புக்கள் சல்பேட். பின்னையதால் உண்டாவன சல்பைட். ஆகவே மயில்துத்தம் செம்பின் சல்பேட் என்றும், அன்னபேதி இரும்பின் சல்பேட் என்றும், கிளாபர் உப்புச் சோடியம் சல்பேட் என்றும் ஆயின. நிறத்தாலும் ஊராலும் மறைந்துகிடந்த உறவு பெயராலேயே வெளிப்பட்டது. ஒரு விகுதியைக் கற்ற மாணவன் நூறு பொருள்களை அறிந்தவனாகின்றான். அன்று தொடங்கிய முறை பலவாறு திருத்தமும் விரிவும் பெற்று இன்றும் வழங்குகின்றது. 1919-இல் நிறுவப்பெற்ற பன்னாட்டு இரசாயனச் சங்கம் இக்காலத்தில் பெயரிடும் விதிகளை வகுத்துவருகின்றது.

புதுமுறையை எதிர்த்தவர் பலர். பெயரை ஏற்றுக்கொள்வோர் கொள்கையையும் ஏற்றவராவர் என்பதை அவர்கள் நன்குணர்ந்திருந்தனர். அஃது உண்மையுங்கூட, ஃபிளாஜிஸ்டனுக்கு அப்பெயர்த் தொகுதியில் இடமே இல்லை. 1789-இல் லவாய்சியர் தம் இரசாயன முதனூலை வெளியிட்டு, அதில் 33 தனிப்பொருள்களை வரிசைப்படுத்தினார். ஒளியையும் வெப்பத்தையும் அவ்வரிசையிற் சேர்த்தது பிற்காலத்தில் தள்ளுண்டது. ஆயினும், நம்மாற் பிரிக்கவியலாதவரையிலேயே ஒன்றனைத் தனிப்பொருள் என்க என்று அவர் வகுத்த வரம்பு, வருங்காலத் திருத்தத்திற்கு வாயிலைத் திறந்தே வைத்தது. அந்நூல் மறு ஆண்டே ஆங்கிலத்தில் வெளிவந்தது. இளைஞர் புதுவழியை விரைந்து ஏற்றனர். பிரீஸ்ட்லி மாத்திரம் 1804-இல் இறக்குங்காறும் தம் பழங்கொள்கையைக் கைவிட்டாரல்லர்.

அம்முதனூல் வெளிவந்த ஆண்டிலேயே பிரெஞ்சுப் புரட்சி தோன்றிற்று. லவாய்சியர் அதனைத் தொடக்கத்தில் வரவேற்றவர். நாட்டிற்கு ஒரேவகையான நிறையளவுகளை அமைக்கும் பணியில் முன்னின்று உழைத்தவர். ஆயினும் 1791-இல் குத்தகைமுறை ஒழிந்தபின்னரும் குத்தகையாளர்மீது கொண்ட சினம் ஒழியவில்லை. 1793 ஆகஸ்டில் விஞ்ஞானக் கழகமும் கலைக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் பழைய குத்தகையாளரைச் சிறையிட ஆணை பிறந்தது. லவாய்சியர் சில நாள் மறைந்திருந்து, பின்னர் மாமனாரோடு தாமே சென்று சரணடைந்தார். அளவைக் குழுவினர் அவரை விடுவிக்கும்படி விண்ணப்பித்தும் பயனில்லாமற் போயிற்று. பெயரிட்ட நால்வருள் கித்தோனும் ஃபூர்குருவாவும் அந்நாளில் ஆட்சிமன்ற உறுப்பினர். அவரைக் காக்க அவர்களால் இயலவில்லையோ, துணியவில்லையோ என்பது பற்றிச் சரித்திர ஆசிரியர் ஒருமுடிவிற்கு வந்திலர்.

சிறையிலும் அவர் தம் ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தொகுத்துத் திருத்திக்கொண்டிருந்தார். 1794 மே மாதம் 8-ஆம் நாள் விசாரணை நடந்தது. புகையிலையில் மிகையாக நீர் சேர்த்து மக்களை வஞ்சித்தனர் என்பது முதலிய குற்றங்கள் சாட்டப்பெற்றன. அன்றே தீர்ப்பு, அன்றே தண்டனை. குத்தகையாளர் இருபத்தெண்மர் ஒருவர்பின் ஒருவராகத் தலை துணிக்கப்பெற்றனர். மாமனாரின் தலை வீழ்ந்ததைக் கண்ட பின்னரே லவாய்சியரின் முறை வந்தது. அப்போது அவருக்கு வயது ஐம்பது. பொருளுக்கு இட்ட பெயரைக்கொண்டே அதன் இயல்பை முடிவுசெய்யலாகாது, நிறுத்தும் பிரித்தும் ஆராயவேண்டும் என்று உலகிற்குக் கற்பித்த ஒருவரை, குத்தகையாளர் என்னும் ஒரு பெயரையே சான்றாகக் கொண்டு, ஒருபகற்பொழுதும் நிறுத்துப்பாராது கொன்றது அவர் பிறந்த நகரம்.

கணவரையும் தந்தையையும் ஒரேநாளில் இழந்த அம்மையாருக்குப் பறிமுதலான உடைமைகள் அடுத்த ஆண்டில் திரும்பக் கிடைத்தன. கணவர் சிறையில் தொகுத்த கட்டுரைகளை அவர் நூலாக்கி அறிஞர்க்கு வழங்கினார். 1805-இல் ரம்போர்டு பிரபுவை மறுமணம் செய்துகொண்டபோதும், லவாய்சியர் என்னும் பெயரைத் துறக்க அவர் இசையவில்லை. அம்மணவாழ்வு நீடிக்கவில்லை; அப்பெயரோ 1836-இல் அவர் உயிர் நீங்குமளவும் அவரோடிருந்தது.

இனி, லவாய்சியர் இட்ட பெயர்களுள் ஒன்றன் பிற்கால வரலாற்றைக் கூறவேண்டும். சமையலுப்பிலிருந்து வடிக்கப்படும் உப்புத் திராவகத்தைப் புதுமுறையார் மியூரியாடிக் அமிலம் என்றனர். மியூரியா என்பது உப்புநீரைக் குறிக்கும் இலத்தீன் சொல். அமிலமாதலின் அதனுள்ளும் ஆக்ஸிஜன் இருந்தே தீரவேண்டும் என்பது லவாய்சியரின் உறுதி. அதிலிருந்து ஷீலே 1774-இற் பெற்ற மஞ்சட்பச்சை வாயுவிற்கு, ஆக்ஸிஜன் மிகுந்த மியூரியாடிக் அமிலம் எனப் பெயரிட்டனர். அறிஞர் பலர் அவ்வாயுவிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்தெடுக்க ஆண்டுக்கணக்காக முயன்றனர். நன்கு பழுத்த கரித்துண்டும் அதிலிருந்து ஆக்ஸிஜனைக் கவரவில்லை. 1810-இல் ஹம்ப்ரி டேவி என்னும் ஆங்கில அறிஞர், அதில் ஆக்ஸிஜன் இல்லவே இல்லை, அது தானே ஒரு மூலகம் என்று அறிவித்தார். இளம்பச்சை நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் அதற்குக் குளோரின் எனப் பெயரிட்டார். நிறம்பற்றி வைத்தமையால், கொள்கை எவ்வாறு மாறினும் பெயர் பழுதாகாது என்பது அவர் எண்ணம். உப்புத் திராவகமும் ஹைட்ரஜனும் குளோரினும் கூடியது என்பது விளங்கவே, ஹைட்ரோகுளோரிக் அமிலம் எனப் புதுப்பெயர் பெற்றது. அமிலத்தன்மைக்குப் பெரும்பாலும் காரணமாவது ஆக்ஸிஜனன்று, ஹைட்ரஜனே என்பதும் நாளடைவில் தெளிவாயிற்று.

ஆகவே, அமிலம் பிறப்பிப்பது என்னும் பெயர் அப்பெயருக்கு உரியதல்லாத பொருளின்மேல் இன்றும் நிற்கின்றது. ஜெர்மானியரும் புளிப்புப்பொருள் என்னும் கருத்துடைய சொல்லாலேயே அதனை வழங்குகின்றனர். பொய்ப்பெயர்களைக் களைய முற்பட்ட பெருமகனார் தாமும் ஒரு பொய்ப்பெயரை நட்டுச் சென்றார் என்று நகைப்பார் நகைக்கலாம். நாம் அங்ஙனம் நகைக்கத் துணியோம். டேவி அப்பிழையைக் கண்டது எதனால்? இப்பொருளில் இன்னது உளது என்று பெயரே வெளிப்படையாகச் சொல்லிற்று. சொன்னதனாலேயே அதனைச் சோதித்தறிய முடிந்தது. விட்ரியல் தைலம் என்னும் பெயர் எதனையும் சொல்லாமையால், அதனைப் பொய்யென்று காட்டுதற்கும் வழியில்லை. பிழைபட்டால் திருத்தத்தக்க பெயரே அறிவிற்கு உதவும் பெயர். காரணப்பெயராய்ப் பிறந்த ஆக்ஸிஜன், காரணம் பொய்த்தபின், இடுகுறிபோல் நின்று பயன்படுகின்றது. லவாய்சியர் வகுத்த முறையோ எள்ளளவும் சாயவில்லை.

நம் தமிழரோ அவ்வாயுவைப் பிராணவாயு என்றும் உயிர்வளி என்றும் அழைத்தனர். அமிலத்தைக் கருதாது உயிர்ப்பைக் கருதி அமைந்த அப்பெயர்களின் காரணம் இன்றும் பொய்யாகவில்லை. அக்காரணத்தைத் தராசும் பனிக்கட்டியும் கொண்டு உலகிற்கு மெய்ப்பித்தவரும் லவாய்சியரே. மாணவ அன்பர்களே! ஆய்வுக்கூடத்துப் புட்டிகளின்மேல் ஒட்டிய பெயர்களை இனி உருப்போடாதீர்கள். பகுதியும் விகுதியுமாகப் பிரித்துப் படியுங்கள். அப்பெயர்கள் தம் வரலாற்றைத் தாமே கூறும்.